சதுப்பு அசேலியா: வேரியல்பும் மொட்டியல்பும்

உரோடோடென்ட்ரான் என்னும் பேரினத்துள் அடங்கும் அசேலியாக்கள், பெரும்பாலும் பூவொன்றுக்கு ஐந்து தாதுத்தாள்களே உடையவை. அப்பேரினத்தின் ஏனைய இனங்கள் பலவற்றுக்குப் பத்தோ அதற்கு மேலோ உண்டு. நீலமலைச் சோலைகளின் ஓரத்தில் செந்நிறமாய்ப் பூக்கும் காட்டுப்பூவரசும் அப்பேரினத்ததே. அது உதிராப் பசுந்தழை கொண்ட மரம். சதுப்பு அசேலியாவோ, வட அமெரிக்காவின் கீழைப்பகுதியில் மெயின் முதல் புளோரிடா வரை ஓடைக்கரைகளிலும் ஈரக்காடுகளிலும் தானே வளரும், குளிரில் இலையுதிர்க்கும் குறுஞ்செடி. 1753-இல் செடியியலறிஞர் இலின்னேயசு இதன் ஒட்டும் தன்மை குறித்து அறிவியற்பெயர் இட்டார். பூக்குழலின் புறத்தே செறிந்த சுரப்பிமயிர்கள் கசியும் பிசினே அப்பெயருக்கு அடிப்படை. இலைகள் விரிந்தபின், முதுவேனிலில், வெண்மலர்கள் கிராம்பின் மணத்தோடு மலர்கின்றன.

இதனை வளர்க்கும் நெறிகள் பலவாகத் தோன்றினும் இரண்டு இயல்புகளுள் அடங்கும்: வேரியல்பு இடத்தை வகுக்கும், மொட்டியல்பு பொழுதை வகுக்கும்.

பிற செடிகளுக்குரிய வேர்த்தூவிகள் இதற்கில்லை. முடியினும் மெல்லிய இழைவேர்கள் மண்ணின் மேலடுக்கிலேயே பின்னிப் படர்கின்றன. அவற்றின் கண்ணறைகளுள் குடிபுகுந்த வேர்ப்பூஞ்சை, மக்கிய இலைகளில் கட்டுண்ட தழையூட்டத்தைப் பிரித்துச் செடிக்கு அளிக்க, செடி தான் ஒளியால் சமைத்த இன்பொருளைப் பூஞ்சைக்கு ஈகிறது. இவ்வுடன்வாழ்வு காடிமை மிக்க மண்ணில் செழிப்பது. காடிமையை அளக்கும் எண் 7-க்குக் கீழே இறங்க இறங்கக் காடிமை மிகும். இச்செடிக்கு உகந்தது 4.5 முதல் 5.5 வரை. சுண்ணம் மிகின் மண்ணிலுள்ள இரும்பு கரையாது நிற்க, பச்சையம் குன்றி, நரம்புகள் மட்டும் பச்சையாயிருக்க, இலையின் இடைப்பரப்பு மஞ்சளாகும்.

நடவு நெறிகள் இதனின்றே பிறக்கின்றன. இலைமக்கு கலந்த இளகிய மண்ணில், வேர்க்கட்டின் மேல்விளிம்பு தரைக்குச் சற்று உயர்ந்திருக்க நடுதல். அடியைக் கொத்தாது பைன் ஊசியிலைகளால் மூடாக்கு இடுதல். சுண்ணமும் சாம்பலும் விலக்குதல். நண்பகல் வெயிலைத் தடுத்தல். நீர் அருகிருத்தல் நன்று. வேரடியில் என்றும் தேங்கி நிற்றல் தீது. இலையும் மலரும் நஞ்சுடையன ஆதலின், ஆடுமாடு மேயும் வேலியோரம் இதற்கு ஆகாது.

இனி மொட்டியல்பு. இவ்வாண்டு எழுந்த கிளைகளின் நுனியில் வருமாண்டுக்குரிய பூமொட்டுகள் குளிருக்கு முன்பே உருக்கொள்கின்றன. எனவே கிளை நறுக்குதல் பூ வாடியவுடன் முடிதல் வேண்டும். குளிரில் நறுக்குவோர் கிளையோடு மலரையும் இழப்பர். விதைகளோ மிக நுண்ணியவை, முளைக்க ஒளி வேண்டுபவை. அவற்றை ஈரப்பாசியின் மீது தூவி, மண்ணால் மூடாது விடுதலே முறை.

இவ்விரு இயல்புகளையும் அறிந்தவர்க்கு உரப்பட்டியல் பெரிதும் வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் உதிரும் இலையை அடியிலேயே விட்டுவைத்தால், எஞ்சிய வேலையைப் பூஞ்சை செய்யும்.