ஒரு தோணிக்கு இரு தண்டயல்

தோணிக்குத் தண்டயல் ஒருவரே என்பதைக் கரைத்தீவுச் சிறுவரும் அறிவர். இருவர் சுக்கான் பிடித்தால் தோணி கரை சேராது. இவ்வுண்மை கணினிக்கும் பொருந்துமென்பதை யான் பட்டே அறிந்தேன். பட்டதைப் பழைய மாணவ அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கடனீரேரிக்கு அப்பால், கற்பிட்டிக் குடாநாட்டில், நுரைச்சோலை அனல் மின்நிலையம் நிற்கின்றது. 2011 இல் இயங்கத் தொடங்கிய அந்நிலையத்தின் மூன்று இயந்திரத் தொகுதிகளும் சேர்ந்து 900 மெகாவாற்று ஆற்றலுடையன. எனினும், விளக்கின் அடியில் இருள் என்றாற்போல, மின்தடை நம்மையும் விட்டபாடில்லை. 2020 ஆகஸ்டு 17 இல் நாடு முழுவதும் இருண்டது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9 இல் பாணந்துறை உபமின்நிலையத்திற் புகுந்த குரங்கொன்றினால் நாடே மின்சாரம் இழந்ததென அமைச்சர் அறிவித்தார். ஆகவே கணினியுள்ள இடமெங்கும் யூ.பீ.எஸ். எனப்படும் மின்காப்புப் பெட்டியும் இடம்பெறலாயிற்று.

2022 ஆம் ஆண்டு மின்வெட்டுக் காலத்தில், பாடசாலைக் கணினியொன்றில் மாணவரின் தவணைப் புள்ளிகளைப் பதிந்துகொண்டிருந்தேன். மின்சாரம் நின்றது; பெட்டி ஒலியெழுப்பியது; திரை அணையவில்லை. அந்த நம்பிக்கையில், பதிந்தவற்றைச் சேமியாமலே அயல் அறைக்குச் சென்றுவிட்டேன். மின்சாரம் மீண்டபின் கணினியை இயக்கினால், இரு வகுப்புகளின் புள்ளிகள் காணாமற் போயிருந்தன. மின்கலம் பழுதென எண்ணிப் புதியது வாங்கி இட்டோம். பின்னும் அதுவே நிகழ்ந்தது. பழுது மின்கலத்தில் இல்லை.

நிகழ்ந்தது இதுவே. பெட்டியோடு வந்த மென்பொருள், மின்கலம் தீரும் தறுவாயில் கணினியை ஒழுங்காக நிறுத்துவதாக ஏற்றிருந்தது. விண்டோஸ் என்னும் பணிசெயல் முறைமையோ, தன் சொந்த விதிப்படி, மின்கலத்தில் இயங்கும்போது சிறிதுநேரம் எவரும் தொடாவிடின் கணினியைத் துயில்நிலைக்கு அனுப்பிற்று. கணினி துயின்றால் காவல் மென்பொருளும் உடன் துயிலுமன்றோ? துயில்நிலையில் நினைவகம் வாழ்வதற்கும் சிறிது மின்சாரம் வேண்டும். நிறுத்துவாரின்றி மின்கலம் வடிந்து தீர்ந்தது. நினைவகத்திலிருந்த புள்ளிகளும் அதனோடு மறைந்தன.

இதற்குப் பரிகாரம் கடினமன்று. முதலாவதாக, பெட்டியையும் கணினியையும் இணைக்கும் யூ.எஸ்.பீ. வடம் பூட்டப்பட்டுள்ளதா எனப் பார்க்க. பலர் அதனைப் பொதியிலிருந்து எடுப்பதேயில்லை. அவ்வடமின்றேல், தான் மின்கலத்தில் இயங்குவதைக் கணினி அறியாது.

இரண்டாவதாக, தண்டயல் ஒருவரையே நியமிக்க. விண்டோசின் மின்விதிகளே போதுமெனில், பெட்டியின் மென்பொருளை நீக்குக. மென்பொருளே வேண்டுமெனில், மின்கலத்தில் இயங்கும்போது தானே துயிலும் விதியை விண்டோசில் நிறுத்துக. லினக்சிலும் இவ்வாறே, ஒரே வடத்தை இரு காவல் மென்பொருள்கள் பற்ற முயன்றால் ஒன்று தோற்கும்.

மூன்றாவதாக, மின்கலம் தாழும்போது செய்யவேண்டியது துயில் அன்று. ஆழ்துயில் அல்லது முழு நிறுத்தம். ஆழ்துயிலில் நினைவகத்திலுள்ளது வன்தட்டில் எழுதப்படுவதால், மின்சாரம் அற்றாலும் அழியாது.

நான்காவதாக, பெட்டியைக் கணினி திடீரென அறியாதொழிந்தால், அணைத்து ஏற்றுவதிலும் மறுதொடக்கம் செய்வதே நன்று. 2012 இல் வந்த விண்டோஸ் 8 முதலாக, விரைவுத் தொடக்கம் இயக்கத்திலிருந்தால், அணைக்கும்போது முறைமையின் அகப்பகுதி வன்தட்டிற் சேமிக்கப்பட்டு மறுமுறை அப்படியே எடுக்கப்படும். பழைய குழப்பமும் உடன் வரக்கூடும். மறுதொடக்கமோ யாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

ஐந்தாவதாக, மின்பிறப்பாக்கி ஓடும்போதும் பெட்டி மின்கலத்தையே உண்ணுமாயின், பிறப்பாக்கி தரும் மின்னழுத்தமோ 50 ஹேட்சு அதிர்வெண்ணோ தளம்புகின்றதெனக் கொள்க. பல பெட்டிகளில் அந்த உணர்திறனைக் குறைத்து வைக்க இடமுண்டு.

இறுதியாக, ஒத்திகை வேண்டும். யாவற்றையும் சேமித்தபின், சுவரிலுள்ள ஆளியை அணைத்து, கணினி தானே ஒழுங்காக நிற்கும்வரை காத்திருந்து காண்க. செருகியைப் பிடுங்குதல் ஆகாது, புவியிணைப்பும் அற்றுவிடும்.

வெளிநாடுகளில் வாழும் நம் பழைய மாணவர் பலர் பாடசாலைகளுக்குக் கணினி வழங்குகின்றனர். வழங்கும் கை, பெட்டியோடு வடத்தையும், இவ்வொத்திகைக்கு ஒரு மணிநேரத்தையும் சேர்த்து வழங்குமாக. விடைத்தாள்களை மீண்டும் அடுக்கி, இரு வகுப்புகளின் புள்ளிகளை மறுபடி பதிய எனக்கு இரண்டு இரவுகள் சென்றன. விடைத்தாள்கள் இருந்தமையால் அது கூடிற்று. தாளே இல்லாமற் கணினியில் மட்டும் வாழும் பதிவுகள் இன்று எத்தனை!