ஆறு இழக்கும் நீருக்கு ஈடு

ஆற்றோரத்தில் சரளை எடுக்கத் தோண்டும் பள்ளம் ஊற்று மட்டத்தைத் தொட்டால், மண்ணுள் மறைந்திருந்த நீர் வெயிலில் திறந்து கிடக்கிறது. சரளை தீர்ந்த பின்னரும் அது ஆண்டுதோறும் ஆவியாகிறது. ஆற்றுக்குக் கசிந்து சேரும் நீர் அந்த அளவு குறைகிறது. நஷ்டம் கீழ்மடை உழவருக்கே.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் முதலில் உரிமை பெற்றவருக்கே முதல் நீர். இத்தகைய பள்ளமும் கிணறே என அம்மாநில உச்ச நீதிமன்றம் 1988-இல் தீர்ப்பளித்தது. 1980-க்குள் நீர் வெளிப்பட்ட பள்ளங்களுக்கு மட்டும் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்களித்தது. ஏனையோர் ஆவியாகும் நீரைக் கணக்கிட்டு, பழைய பாசன உரிமையை வாங்கியோ, தேக்கிய நீரை விடுத்தோ, உரிய காலத்தில் ஆற்றுக்கு ஈடு செய்தல் வேண்டும். களிமண் சுவரால் ஊற்றை அடைத்தால் பள்ளமே நீர்த்தேக்கமாகும்.

நம் ஊரில் பள்ளம் தோண்ட முற்படுவோரிடமும், "குறையும் நீரை யார் ஈடு செய்வார்?" என முன்னதாகவே கேட்டறிதல் பஞ்சாயத்தாரின் கடமை எனக் கருதுகிறோம்.