வெள்ளையடிக்கப்பட்ட சிலுவை

பொதுச் சுவரில் தீட்டப்படும் ஓவியம் ஊருக்கு அழகூட்டும் அணிகலன் மட்டுமன்று. நீதிக்குச் சாட்சியாகவும் அது நிற்கக்கூடும். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரின் சுவரொன்று இதனை நமக்குத் தெளிவாக்குகிறது.

1930களின் பொருளாதார நெருக்கடியில், வேலையின்மைக்கு மெக்சிக்க மக்கள்மீது பழிசுமத்தி, அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள் உட்படப் பெருந்தொகையினரை எல்லைக்கு அப்பால் அனுப்பினர். 1931 பிப்ரவரி 26 அன்று, நகரின் பழைய சதுக்கத்தில் ஏறத்தாழ 400 பேரை அதிகாரிகள் வளைத்துப் பிடித்து விசாரித்தனர். அச்சதுக்கத்தை அடுத்த ஓல்வேரா தெருவோ, மெக்சிக்கப் பண்பாட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டும் சந்தையாக அலங்கரிக்கப்பட்டிருந்தது. மக்களை விரட்டிவிட்டு அவர்தம் கலையை விற்கும் முரண்பாடு அங்கு நிலவிற்று.

1932இல் அத்தெருவில் ‘வெப்பமண்டல அமெரிக்கா’ என்னும் பொருளில் சுவரோவியம் தீட்ட மெக்சிக்க ஓவியர் சிகேரோஸ் அழைக்கப்பட்டார். இன்பச் சோலையை எதிர்பார்த்தவர்கள் கண்டதோ, இரட்டைச் சிலுவையில் பிணிக்கப்பட்ட பூர்வகுடி மனிதனையும், அவன் தலைக்குமேல் அமர்ந்த அமெரிக்கக் கழுகையும். விரைவில் தெருவிலிருந்து தெரிந்த பகுதிக்கும், பின்னர் ஓவியம் முழுவதற்கும் வெள்ளையடித்தனர். ஆயினும் ஆண்டுகள் செல்லச் செல்லப் பூச்சு உதிர்ந்து, மறைக்கப்பட்ட உருவம் வெளிப்பட்டது. 2012இல் அது மீண்டும் மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. மங்கிய வண்ணங்களை எவரும் புதிதாகத் தீட்டவில்லை.

அதே நகரில் 1976 முதல் ஜூடி பாக்கா என்னும் ஓவியர், பல இனங்களைச் சேர்ந்த 400க்கும் மேற்பட்ட இளைஞருடன், வெள்ள வடிகாலின் சுவரில் ஏறத்தாழ அரை மைல் நீளத்திற்குக் கலிபோர்னிய வரலாற்றைத் தீட்டினார். மெக்சிக்கர் வெளியேற்றப்பட்டதும், ஜப்பானிய அமெரிக்கர் முகாம்களில் அடைக்கப்பட்டதும் அதில் இடம்பெற்றன. இங்கு ஒடுக்கப்பட்டோர் ஓவியத்தின் பொருளாக மட்டுமன்றி, அதைப் படைப்போராகவும் ஆயினர்.

இவ்விரு சுவர்களும் திருச்சபைக்குக் கூறுவது யாது? ஓவியம் விரட்டப்பட்டவரைத் திரும்பக் கொணராது, சட்டத்தையும் மாற்றிவிடாது. ஆனால், ‘நாங்கள் காணவில்லை’ என்னும் சாக்குப்போக்கை அது நீக்கிவிடுகிறது. வெள்ளையடிக்கப்பட்ட கல்லறைகளைக் கண்டித்த ஆண்டவர் (மத்தேயு 23:27), உயிர்த்தெழுந்த பின்னும் தம் காயங்களை மறைக்கவில்லை (யோவான் 20:27). நம் ஆலயச் சுவர்களிலுள்ள சிலுவையில் இன்று அறையப்பட்டிருப்போர் யாவர் என வினவாமல், அதனை அணியாக மட்டும் வைத்திருப்போமாயின், நாமும் அதற்கு வெள்ளையடிப்பவர்களே ஆவோம்.