ஷேடுக்கு ஒரு நியாயம், மூக்குக்கு ஒரு நியாயமா?

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். செல்ஃபியில் மூக்கு அகலமாகத் தெரிகிறதே என்று சந்தேகம் வந்து, முன்பின் தெரியாத பத்துப் பேரிடம் இணையத்தில் படத்தைக் காட்டியிருக்கிறார். ஆறு பேர் ‘ஆமாம்’ என்றார்களாம். ஒருவர் ஆபரேஷனுக்கே நாள் குறித்துவிட்டார். “கண்ணாடியில் சரியாகத்தான் இருக்கிறது சார், எதை நம்புவது?”

கேள்வியைவிட அவருடைய தொழில்தான் என்னை யோசிக்க வைத்தது. டையிங்கிலிருந்து வந்த லேப் டிப்பை, அதாவது சாயமேற்றிய மாதிரித் துண்டை, போனில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, பையரிடம் அப்ரூவல் வாங்க இவர் துணிவாரா? மாட்டார். துணித்துண்டையே கூரியரில் அனுப்புவார். அங்கே அதை லைட் பாக்ஸில் வைத்து, பகல் வெளிச்சத்துக்கு நிகரான டி65 விளக்கில் ஒருமுறை, கடை வெளிச்சத்தை ஒத்த டிஎல்84இல் ஒருமுறை பார்ப்பார்கள். ஒரு விளக்கில் ஒத்துப்போன ஷேடு இன்னொன்றில் பல்லிளிக்கும் என்பது பனியன் ஊரில் பாலபாடம்.

மூக்கைத் துண்டு வெட்டிக் கூரியரில் போட முடியாதுதான். எவ்வளவு தூரத்தில் எடுத்த படம் என்றாவது சொல்லியிருக்கலாமே!

தூரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மூக்கு நுனிக்கு 12 செ.மீ. பின்னால் காது இருப்பதாக வைத்துக்கொள்வோம். நுனியிலிருந்து 30 செ.மீ.யில் கேமரா இருந்தால், காதுக்கு அது 42 செ.மீ. ஆகவே மூக்கு பதிவாகும் அளவில் 71 சதவீதத்துக்குத்தான் காது பதிவாகும். 150 செ.மீ. தள்ளிப் போனால் 150-க்கு 162. காதுக்கு 93 சதவீதம் கிடைத்துவிடும். பக்கத்தில் எடுக்கும்போது மூக்கு வளர்வதில்லை. முகத்தின் மிச்சமெல்லாம் பின்வாங்கி மூக்கைத் தனியாக மாட்டிவிடுகிறது.

பழியை எல்லோரும் ‘வைடு ஆங்கிள்’ லென்ஸ் மேல் போடுகிறார்கள். அதே இடத்தில் நின்று எந்த லென்ஸில் எடுத்தாலும், முகம் படத்தின் நடுவில் இருக்கும்வரை, மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் மாறாது. நம்மை அருகில் வரவழைத்ததுதான் அந்த லென்ஸ் செய்த தப்பு.

கண்ணாடி விஷயம் இன்னும் ருசி. ஒன்றரை அடியில் நின்றால் பிம்பம் கண்ணாடிக்குப் பின்னால் இன்னொரு ஒன்றரை அடியில் இருக்கிறது. ஆக, தன் முகத்தைத் தானே மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறார் நம் வாசகர். செல்ஃபியின் ஒரு அடிப் பார்வை வேண்டுமென்றால் கண்ணாடிக்கு அரை அடி வரை போக வேண்டும். மீசையில் நரை தேடும்போது தவிர அவ்வளவு நெருங்குபவர் யார்?

2018-இல் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அறுவை மருத்துவர் போரிஸ் பாஸ்கோவரும் சகாக்களும் இதைக் கணக்கிட்டார்கள். 12 அங்குலத்தில் எடுத்தால் ஆணின் மூக்கு சுமார் 30 சதவீதம், பெண்ணுடையது 29 சதவீதம் கூடுதல் அகலமாகத் தெரியும். ஐந்தடியில் வித்தியாசம் இல்லை எனலாம். உடனே ‘செல்ஃபி மூக்கை வீங்க வைக்கிறது’ என்ற ரீதியில் செய்திகள். உண்மையில் அது சராசரித் தலை அளவுகளை வைத்துப் போட்ட கணிதம். கணக்கில் குற்றமில்லை. ஆனால் கையை முழுக்க நீட்டி இரண்டடியில் எடுப்பவருக்கு அந்த 30 பொருந்தாது. செய்தி பரவப் பரவ 12 அங்குலம் வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

வரலாறு இல்லாவிட்டால் ஆசிரியர் கட்டுரையைத் திருப்பி அனுப்புவார். அமெரிக்காவில் ஜேம்ஸ் ஹாங், ஜிம் யங் என்ற இருவர் 2000-இல் ‘ஹாட் ஆர் நாட்’ என்ற தளத்தைத் தொடங்கினார்கள். யாருடைய முகத்துக்கும் யாரும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடலாம். போதும். இப்போது அதே சரக்கு ‘ஏஐ அழகு மதிப்பெண்’ என்ற புது லேபிளோடு வருகிறது. மார்க்கைத் தசம புள்ளி வரை சொல்கிறார்கள். படம் எத்தனை அடியில் எடுத்தது என்று கேட்கும் செயலியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

வாசகரே, போனை கட்டிங் டேபிளில் எதன் மேலாவது சாய்த்து, டைமர் போட்டு, ஐந்தடி தள்ளி நின்று ஒரு படம். அதே வெளிச்சத்தில் ஒரு அடியில் இன்னொன்று. முகம் ஒரே அளவில் வரும்படி இரண்டையும் வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். மூக்கைப் பார்க்காதீர்கள், காதைப் பாருங்கள்; ஒன்றில் ஒளிந்திருக்கும், மற்றதில் வெளியே வந்திருக்கும். ஐந்தடிப் படத்திலும் மூக்கு அகலம்தான் என்றால், அது உங்கள் அப்பா வழியில் வந்ததாக இருக்கும். ஷிப்மென்ட் ஆன சரக்குக்கு இனி யாரிடம் அப்ரூவல் கேட்கப் போகிறீர்கள்?