தூக்கத்தில் நடக்கும் பிள்ளையை அடிக்காதீங்க

பிள்ளை ராத்திரி தூக்கத்தில் எழுந்து நடந்தால் "காத்து கருப்பு" என்று மந்திரிக்க ஓடுகிறோம். பாயை நனைத்தால் அடிக்கிறோம். இரண்டையுமே பிள்ளை வேண்டுமென்று செய்வதில்லை. தூக்கத்தில் நடப்பது ஆழ்ந்த தூக்கத்தில்தான் வரும். காலையில் பெரும்பாலும் எதுவும் ஞாபகம் இருக்காது. 5 வயது வரை பாயை நனைப்பது சகஜம். அதற்கு மேலும் பலருக்கு இருந்து, வளர வளர நின்றுவிடும்.

நாம் செய்ய வேண்டியவை:

* நடக்கும் பிள்ளையை உலுக்காமல், கையைப் பிடித்துப் படுக்க வைப்போம்.
* கதவை மேல்தாழ்ப்பாள் போடுவோம். அரிவாள்மனை, தீப்பெட்டியை எட்டாமல் வைப்போம்.
* பகலில் நல்லா தண்ணி கொடுத்து, பொழுது சாய்ந்ததும் குறைப்போம்.
* ஒன்றுக்குப் போகவைத்து, நேரத்தோடு தூங்க வைப்போம்.

நின்ற பழக்கம் திரும்ப வந்தாலோ, நீர்க்கடுப்பு, அதிக தாகம், உடம்பு மெலிவு இருந்தாலோ உடனே ஆரம்ப சுகாதார நிலையம் போவோம். அடித்தால் இது நிற்காது, பயம்தான் கூடும்.