தவளைத் தோலில் ஒரு கேடயம்

ஆப்பிரிக்க நகத் தவளையின் வயிற்றைக் கீறி, முட்டைகளை எடுத்துத் தையலிட்டு, கிருமிகள் மலிந்த தொட்டி நீரிலேயே மீண்டும் விடுவது அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் பணியாற்றிய மைக்கேல் சாஸ்லாஃபின் ஆய்வு வழக்கம். காயங்கள் சீழ் பிடிக்காமல் ஆறின. ஏன் என்ற வினா அவரை விடவில்லை. தோலை ஆராய்ந்து, 1987-இல் இரு பெப்டைடுகளைக் கண்டறிந்து அறிவித்தார். கேடயத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லைத் தழுவி 'மகைனின்' எனப் பெயரிட்டார்.

மகைனின் என்பது 23 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சரம். நீரில் அதற்கு நிலையான வடிவம் இல்லை. பாக்டீரியாவின் சவ்வை அடைந்ததும் சுருள்வில்போல் முறுக்கிக்கொள்கிறது. அச்சுருளின் ஒரு பக்கம் நேர்மின்னூட்டம் கொண்டு நீரை நாடும். மறுபக்கம் கொழுப்பை நாடும். பாக்டீரியச் சவ்வின் வெளிப்புறத்தில் எதிர்மின்னூட்டமுள்ள கொழுப்புகள் மிகுதி. ஆதலால் பெப்டைடு அங்கே ஈர்க்கப்படுகிறது. நம் உயிரணுக்களின் வெளிப்புறமோ பெரும்பாலும் மின் நடுநிலை உடையது. கொலஸ்டிராலும் அச்சவ்வை உறுதிப்படுத்துகிறது. இரத்தப் பரிசோதனை அறிக்கையில் கொலஸ்டிராலைக் கண்டு அஞ்சும் நமக்கு இது சற்று ஆறுதல்.

முதலில் பெப்டைடுகள் சவ்வின்மீது படுத்தவாறே சேர்கின்றன. எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டியதும், சவ்வின் கொழுப்புகளையும் உள்நோக்கி வளைத்துத் துளைகளை உருவாக்குகின்றன. அயனிகள் கசிகின்றன, சவ்வின் இரு புறமும் பேணப்பட்ட மின்னழுத்த வேறுபாடு குலைகிறது, பாக்டீரியா மடிகிறது. வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகள் பெரும்பாலும் குறிப்பிட்ட ஒரு நொதியையோ புரதத்தையோ தாக்குபவை. அவ்விலக்கு சற்று மாறினாலே மருந்து பயனற்றுப்போகலாம். சவ்வு முழுவதையும் மாற்றியமைப்பது பாக்டீரியாவுக்கு எளிதன்று, இயலாததும் அன்று.

ஆயினும் இம்மருந்து கடைக்கு வரவில்லை. மகைனினைத் தழுவி உருவாக்கிய பெக்சிகனான் களிம்பு, நீரிழிவு நோயாளிகளின் காற்புண்ணுக்குச் சோதிக்கப்பட்டது. கால் விரலையோ பாதத்தையோ இழக்கும் அச்சத்தில் வாழ்வோருக்கு அது பெரும் நம்பிக்கை. ஏற்கெனவே உள்ள மருந்தைவிட மேம்பட்டதென நிறுவப்படாமையால் 1999-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் மறுத்தது. 2016-இல் வெளியான புதிய சோதனை முடிவுகளும் கைகொடுக்கவில்லை. உடலின் நொதிகள் பெப்டைடுகளை விரைவில் சிதைத்துவிடுவது மற்றோர் இடர். உற்பத்திச் செலவும் அதிகம்.

தேடல் தொடர்கிறது. திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிர்த்தொழில்நுட்ப மையமும் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகமும் இணைந்து, தென்னிந்தியத் தவளையொன்றின் தோலிலிருந்து இன்ஃபுளூயன்சா வைரஸின் ஒரு பிரிவை அழிக்கும் பெப்டைடை 2017-இல் அறிவித்தன. அதன் பெயர் 'உறுமின்'. நாம் அறிந்த உறுமி மேளத்தால் வந்த பெயரன்று. சாட்டைபோல் வளையும் கேரளத்து உறுமி வாளால் வந்தது.