கறுத்ததெல்லாம் இரும்பன்று

(மூன்றாம் ஆண்டு, நிலவியல்)

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி ஏமாறுவோர் உண்டு. நானோ கறுத்ததெல்லாம் இரும்பு என்று நம்பி ஏமாந்தவன்.

சென்ற ஆண்டுச் செய்முறைத் தேர்வில் ஒரு கரிய கல் என் பங்குக்கு வந்தது. கஞ்சமலை இரும்புக்கல்லைப் பார்த்துப் பழகிய கண் அல்லவா? காந்தத்தை அருகில் கொண்டுபோய்ப் பாராமலேயே ‘மாக்னடைட்’ என்று எழுதிவிட்டேன். தேர்வு முடிந்ததும் ஆசிரியர், “உன் விரல்களைப் பார்” என்றார். அடுப்புக்கரியைத் தொட்டதுபோல் விரல்கள் கறுத்திருந்தன. “இரும்புக்கல் இப்படிக் கையில் ஒட்டுமா? இது பைரோலூசைட், மாங்கனீசுத் தாது” என்றார்.

ஐந்து மதிப்பெண்கள் போயின. ஒரு கேள்வி வந்து சேர்ந்தது. இரும்பும் மாங்கனீசும் அணு எண் வரிசையில் அடுத்தடுத்து நிற்பவை; குணத்தில் அண்ணன் தம்பி போன்றவை; பாறைகளில் சேர்ந்தே இருப்பவை. அப்படியிருக்க, மாங்கனீசு மட்டும் தனியே பிரிந்து ஓரிடத்தில் குவிந்தது எவ்வாறு? நான் தேடிக் கண்ட விடையையே இங்கு எழுதுகிறேன்.

ஆயிரத்தில் ஒன்று

புவியின் மேலோட்டில் ஆயிரம் பங்கில் ஏறத்தாழ ஒரு பங்குதான் மாங்கனீசு; இரும்போ ஐம்பது பங்கு. நல்ல தாதுவில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் மாங்கனீசு இருக்கும். அப்படியானால் இயற்கை அதனை நானூறு மடங்குக்கு மேல் திரட்டியிருக்க வேண்டும் அன்றோ!

அண்ணன் தம்பி பாகப்பிரிவினை

மழைநீர் பாறைகளை அரிக்கும்போதும், கடலடியில் வெந்நீர் ஊற்றுகள் பொங்கும்போதும் மாங்கனீசு கரைந்து கடலைச் சேர்கிறது. ஆக்சிஜன் இல்லாத நீரில் அது கரைந்தே கிடக்கும். ஆக்சிஜன் பட்டாலோ கரிய ஆக்சைடாகிப் படிந்துவிடும்.

இரும்பும் அப்படித்தான். ஆனால் இரும்பு அவசரக்காரன். சிறிதளவு ஆக்சிஜன் கிடைத்தாலும் படிந்துவிடும்; ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்த நீரில் கந்தகத்தோடு கூடிப் பைரைட் ஆகிவிடும். மாங்கனீசு பொறுமைசாலி. அண்ணன் போன பின்னும் நீரிலேயே தங்கியிருக்கும். அந்த நீர் மேலெழுந்து, காற்றோட்டமுள்ள ஆழமற்ற கரையோரத்தை அடையும்போது, அங்கே தனியாகப் படிகிறது.

இதற்கு இன்றும் சான்று கூறுவது கருங்கடல். அதன் மேற்பரப்பிலிருந்து இருநூறு மீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் இல்லை. அந்த நீரில் மாங்கனீசு கரைந்து நிற்கிறது. அக்கடலை அடுத்த நாடுகளான ஜார்ஜியாவின் சியாத்துராவிலும், உக்ரைனின் நிக்கோபோலிலும் உள்ள பெரும் படிவுகள், மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன்பு இருந்த ஒரு பழங்கடலின் ஓரத்தில் இவ்வாறு உருவானவை என்பர். தென்னாப்பிரிக்காவின் கலஹாரிப் படிவோ 200 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டது. புவியில் ஆக்சிஜன் பெருகத் தொடங்கிய காலத்தை ஒட்டியது அது. ஆகவே மாங்கனீசுத் தாதுவை, புவி மூச்சுவிடத் தொடங்கிய வரலாற்றின் ஏடு எனலாம்.

நெருப்பும் மழையும்

நம் நாட்டில் பாலாகாட், பண்டாரா, நாகபுரி மாவட்டங்களின் படிவுகள் புகழ்பெற்றவை. இவையும் தொடக்கத்தில் கடலில் மணலோடும் களிமண்ணோடும் படிந்தவையே. பின்னர் மலையாக்கத்தின்போது ஆழத்தில் புதைந்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறின. தூய ஆக்சைடு படிந்த இடத்தில் பிரானைட் போன்ற தாதுக்கள் தோன்றின. மணலும் களிமண்ணும் கலந்த இடத்தில் மாங்கனீசுக் கார்னெட்டும் குவார்ட்ஸும் சேர்ந்த பாறை பிறந்தது. அங்கு வாழும் கோண்டு மக்களின் பெயரால் அதற்குக் ‘கோண்டைட்’ என்று 1909-இல் பெயரிட்டவர் எல்.எல். ஃபெர்மர் என்னும் நிலவியல் அறிஞர்.

இத்தகைய பாறை தரைக்கு வந்ததும் மழை தன் வேலையைத் தொடங்குகிறது. வெப்பநாடுகளின் மழை சிலிக்காவைக் கரைத்து எடுத்துச் செல்ல, கரையாத மாங்கனீசு ஆக்சைடு எஞ்சி மேலும் செறிவடைகிறது. என் விரலில் ஒட்டிய பைரோலூசைட்டும் இப்படி மேற்பரப்பருகே விளையும் கனிமமே.

நாம் எண்ண வேண்டியது

வெட்டியெடுக்கும் மாங்கனீசில் பத்தில் ஒன்பது பங்கு எஃகு ஆலைகளுக்கே போகிறது. எஃகைக் கெடுக்கும் கந்தகத்தையும் ஆக்சிஜனையும் அடக்குவது அதுவே. டார்ச் விளக்கின் மின்கலத்திலுள்ள கரிய தூளும், கிணற்றில் இடும் பெர்மாங்கனேட்டும் அதன் பிள்ளைகளே.

ஆழ்கடலிலும் மாங்கனீசு முண்டுகள் கிடக்கின்றன. 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சேலஞ்சர்’ கப்பல் அவற்றை வெளிக்கொணர்ந்தது. இந்தியப் பெருங்கடலில் அவற்றைத் தேடும் உரிமை 1987-இல் நம் நாட்டுக்குக் கிட்டியது. ஆனால் அம்முண்டுகள் பத்து இலட்சம் ஆண்டுகளில் சில மில்லிமீட்டரே வளர்கின்றன. ஒரு நாளில் வாரி எடுப்பதை ஈடுசெய்ய எத்தனை யுகம் வேண்டும்!

அன்று விரலில் ஒட்டிய கறை சோப்பு போட்டதும் போய்விட்டது. இப்போது எந்தக் கரிய கல்லைக் கண்டாலும் முதலில் காந்தத்தைத் தேடுகிறேன். பிறகு என் விரல்களைப் பார்த்துக்கொள்கிறேன். இளைய வகுப்பு நண்பர்களே, நீங்களும் அவ்வாறே செய்யுங்கள். ஐந்து மதிப்பெண்கள் மிஞ்சும்!